"அவ உன்னத்தான்டா பாக்குறா": பள்ளிக் காதலில் கூட்டாளிகள் ஏற்றிவிடுவதும் அது அடியில் போய் முடிவதும்

#1 வகுப்பறை_வாசல்

9, 10, 11-ம் வகுப்புகளுக்கு இந்தப் பருவத்தில் ஆறு பீரியட் ஒதுக்கியிருக்கிறார்கள். தலா 40 நிமிடம். இருபாலர் படிக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி, வகுப்புக்கு 45 பேர். தலைப்பு ‘வளரிளம் பருவ உறவுகளும் பாலின வன்முறையும்’. கையேட்டில் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் படமும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கின்றன. ஆறாம் வகுப்புக்கு அது சரி. பத்தாம் வகுப்புக்குக் காட்டினால் பின் பெஞ்சில் சிரிப்புதான் வரும்.

கையேடு முழுக்க ஒரு பையன், ஒரு பெண் என்று இரண்டு பேரை வைத்தே பேசுகிறது. நடப்பில் ஒரு பத்தாம் வகுப்புக் காதலில் குறைந்தது எட்டுப் பேர் இருக்கிறார்கள். மற்ற ஆறு பேரை எப்படிப் பிடிப்பது? அறிவுரை வேண்டாம். என்ன பயிற்சி, எத்தனை நிமிடம், எங்கே சொதப்பும், அதைச் சொல்லுங்கள்.

#2 நீலவேணி_ஆலோசகர்

எட்டுப் பேர் கணக்கு சரிதான் சார். அந்த ஆறு பேர் என்ன செய்கிறார்கள் என்று படிப்படியாகப் பார்த்தால்தான் எந்த இடத்தில் கை வைக்கலாம் என்று தெரியும்.

ஆரம்பம் ‘ஓட்டுவது’. வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு பெண் "உள்ளேன் மிஸ்" என்றதும் பின் பெஞ்சில் நாலு பேர் ஒரு பையனைப் பார்த்து இருமுவார்கள். அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு அதுவரை மனசில் எதுவுமே இருந்திருக்காது. ஒரு வாரம் இருமினால் அவனும் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்ப்பான். எதற்கு இருமுகிறார்கள் என்று அவளும் திரும்பிப் பார்ப்பாள். "பாத்தியா, அவ உன்னத்தான்டா பாக்குறா" என்று சாட்சி சொல்ல நாலு பேர் தயாராக இருப்பார்கள்.

அடுத்தது தூது. ஒருத்தி நம்பர் வாங்கித் தருவாள், ஒருத்தன் கடிதமோ மெசேஜோ எழுதித் தருவான். பிறகு கெடு: "இன்னும் சொல்லலயா? ஆண்டு விழாக்குள்ள சொல்லிடுடா." சொல்வதும் தனியாக நடக்காது. சைக்கிள் ஸ்டாண்டில் பத்துப் பேர் நிற்க, இரண்டு பேர் வீடியோ எடுக்கச் சொல்ல வேண்டும்.

வன்முறைக்கு விதை விழுவது இங்கேதான். தனியாகக் கேட்டு, தனியாக ‘வேண்டாம்’ கேட்ட பையனுக்கு வலி இருக்கும், இரண்டு வாரத்தில் ஆறும். பத்துப் பேர் முன்னால் கேட்ட ‘வேண்டாம்’ வலியாகத் தங்குவதில்லை, அவமானமாக மாறிவிடும். அதுவும் அவனுக்கு மட்டுமான அவமானம் இல்லை: "நம்ம பையனயே வேணாம்னுட்டாளா? அவ்ளோ திமிரா?" பழி தீர்ப்பது கூட்டத்தின் வேலையாகிவிடுகிறது.

அவள் சரி என்று சொல்லிவிட்டாலும் கூட்டம் கலைவதில்லை, கண்காணிப்புக்கு மாறுகிறது. "உன் ஆளு பி செக்‌ஷன் பையன்கூட சிரிச்சுப் பேசிட்டு இருந்தா. இதக்கூட கேக்கலன்னா நீ என்னடா ஆம்பள?" பாஸ்வேர்ட் கேட்பதும் ‘லாஸ்ட் சீன்’ கணக்குப் பார்ப்பதும் கன்னத்தில் அறைவதும் பெரும்பாலும் இந்த வாக்கியத்துக்குப் பிறகுதான். அந்தப் பக்கம் பெண்ணின் தோழி என்ன சொல்கிறாள்? "சந்தேகப்படுறான்னா அவ்ளோ லவ் பண்றான்னு அர்த்தம்டி." இந்த இரண்டு வாக்கியங்களும் எங்கள் வேலையில் தினசரி காதில் விழுபவை. உங்கள் ஆறு பீரியடும் இவற்றைச் சுற்றியே இருந்தால் போதும் என்பது என் கருத்து.

#3 கண்டிப்பு_தேவை

போனைப் பிடுங்கி வைத்தால் பாதி சரியாகிவிடும். பையன்களையும் பெண்களையும் தனித்தனி வரிசையில் உட்கார வைத்தால் மீதி. இதற்கு ஆறு பீரியடா?

#4 நீலவேணி_ஆலோசகர்

இருமுவதற்குப் போன் எதற்கு சார்? தனி வரிசை ஏற்கெனவே எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. பேசவே கூடாது என்று வைக்கும் பள்ளியில்தான் ஓட்டுவது இன்னும் அதிகம், ஏனென்றால் ஒரு பெண்ணிடம் பேனா கடன் வாங்கினாலே அது செய்தியாகிவிடுகிறது. போனைப் பிடுங்கினால் தோழியின் போனில் வேலை நடக்கும். நாளை மிரட்டல் வந்தாலும் ‘போன் வச்சிருந்தது தெரிஞ்சிடுமே’ என்று பயந்து அவள் யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். மிரட்டுகிறவனுக்கு வசதியான ஏற்பாடு அது.

#5 தரவுப்பித்தன்

நீலவேணி மேடம் சொன்னதற்கு ஆய்வு பலம் உண்டு. அமெரிக்காவின் ஓரிகனில் 17, 18 வயதுப் பையன்களை அவரவர் நெருங்கிய நண்பனோடு உட்கார வைத்து, அவர்கள் பேசிக்கொள்வதைப் பதிவு செய்தார்கள். நண்பனோடு பெண்களைப் பற்றி இழிவாகப் பேசியவர்களே இருபதுகளின் தொடக்கத்தில் தங்கள் துணையிடம் அதிகமாக வன்முறை காட்டினார்கள். 2001-ல் வெளியான ஆய்வு. நண்பன் சிரித்தால் அடுத்த வாக்கியம் இன்னும் கேவலமாக வரும், சிரிப்புதான் உரம்.

அளவும் சிறியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, 15 முதல் 19 வயதுக்குள் துணை என்று ஒருவர் இருந்த பெண்களில் 24 சதவீதம் பேர் அந்தத் துணையிடமே உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். திருமணமானவர்களும் இதில் அடக்கம்.

முதல் பீரியடுக்கு ‘இரண்டு கேள்விச் சீட்டு’ நல்லது. 45 ஒரே அளவுச் சீட்டு, முன்கூட்டியே நகல் எடுத்தது. முதல் கேள்வி: "வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னால் தொடர்ந்து போவதில் தப்பில்லை." ஆம், இல்லை கட்டங்களில் டிக். இரண்டாவது: "உன் வகுப்பில் பத்துப் பையன்களில் எத்தனை பேர் இதற்கு ‘ஆம்’ போட்டிருப்பார்கள்?" 0 முதல் 10 வரை அச்சிட்ட எண்களில் ஒரு வட்டம்.

20 பையன்களில் 5 பேர்தான் ‘ஆம்’ என்று வைத்துக்கொள்வோம், அதாவது பத்துக்கு இரண்டரை. ஊகத்தின் சராசரி பத்துக்கு 6 என்று வந்தால், அந்த இடைவெளிதான் பாடம். ஒவ்வொருத்தனும் ‘எனக்குப் பிடிக்கல, ஆனா மத்தவனுக்கெல்லாம் சரி போல’ என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கிறான். அதைக் கரும்பலகையில் இரண்டு கோடாகப் போட்டுக் காட்டினால், வாய் மூடியிருந்தவர்களுக்குத் தாங்கள்தான் பெரும்பான்மை என்று தெரியவரும்.

சொதப்பும் இடங்கள்: எழுதச் சொன்னால் கையெழுத்து தெரிந்துவிடும், அதனால் டிக், வட்டம் மட்டும். எல்லோருக்கும் ஒரே நிறப் பேனா. பையன்களுக்கும் பெண்களுக்கும் வேறு நிறச் சீட்டு கொடுக்கலாம், ஆனால் ஒரு பக்கம் 12, 15 பேர்தான் என்றால் யார் போட்டது என்று ஊகித்துவிடுவார்கள். முக்கியமானது இது: எண்ணும் வேலையை வகுப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணி, அடுத்த பீரியடில் காட்டுங்கள். உண்மையிலேயே பெரும்பான்மை ‘ஆம்’ போட்டிருந்தால் அந்த எண்ணைக் காட்டக் கூடாது. காட்டினால் மீதிப் பேரும் அந்தப் பக்கம் சாய்வார்கள். அப்படி வந்தால் கேள்வியை மாற்றுங்கள்: "உன் தங்கச்சி பின்னால் ஒருத்தன் மூணு மாசமா வந்தால் அவன் நண்பர்கள் தடுக்கணுமா?"

#6 நீலவேணி_ஆலோசகர்

சீட்டு உத்தி அருமை. ‘தங்கச்சி’ கேள்வி மட்டும் வேண்டாம் என்பேன். நம் ஊரில் ‘என் தங்கச்சியாயிருந்தா வெட்டுவேன்’ என்றுதான் பதில் வரும், அதுவும் அதே நோயின் இன்னொரு முகம். ‘உன் நண்பனுக்கு நாளைக்குக் கேஸ் வந்தா’ என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வருகிறது.

#7 தரவுப்பித்தன்

ஒத்துக்கொள்கிறேன். திருத்திக்கொள்ளவும்.

#8 பிடி_வாத்தியார்

வகுப்பறையில் பேசாதவன் மைதானத்தில் பேசுவான். இதையே வைத்து நடத்திய திட்டம் அமெரிக்காவில் இருக்கிறது, ‘கோச்சிங் பாய்ஸ் இன்ட்டு மென்’. சாக்ரமென்டோ பகுதியில் 16 உயர்நிலைப் பள்ளிகளில் சோதித்தார்கள். விளையாட்டுப் பயிற்சியாளர் வாரம் ஒருமுறை 10, 15 நிமிடம் மட்டும் பேசுவார், ஒரு சீசன் முழுக்க. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற பையன்கள் தங்கள் காதலியிடம் வன்முறை காட்டியது குறைவாக இருந்தது. மும்பையில் இதையே கிரிக்கெட் பயிற்சியாளர்களை வைத்து ‘பரிவர்த்தன்’ என்ற பெயரில் நடத்தினார்கள்.

நம்ம பள்ளிக்கு இப்படி மாற்றலாம். வாரம் ஒரு நாள், வார்ம்-அப் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்காரும் நேரத்தில் 10 நிமிடம். ஒரு நாளைக்கு ஒரே வாக்கியம். "நீ என்னடா ஆம்பள" என்று நண்பன் சொன்னால் திருப்பிச் சொல்ல என்ன இருக்கிறது? பையன்களே சொல்லட்டும். மூன்று, நான்கு பதில் வந்ததும் எது வாயில் இயல்பாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத் தமிழில் நாம் எழுதிக் கொடுத்தால் எவனும் சொல்ல மாட்டான். "டேய், விட்றா, வேற வேல இருக்கு", "அவ யார்கூட பேசுனா உனக்கென்னடா", "மச்சான், நீ வா, டீ சாப்பிடலாம்". மூன்றாவதுதான் சூடான நேரத்தில் நன்றாக வேலை செய்யும். நியாயம் பேசாமல் ஆளை அந்த இடத்திலிருந்து நகர்த்திவிடும்.

யாரை முன்னிறுத்துவது என்பதில் பலர் தப்பு செய்கிறோம். வகுப்புத் தலைவனையும் முதல் ரேங்க் பையனையும் கூப்பிடுவோம். அவன் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். "வகுப்பில் யார் சொன்னா மத்தவங்க கேப்பாங்க?" என்று சீட்டில் மூன்று பெயர் எழுதச் சொல்லுங்கள். அதிகம் வரும் ஏழெட்டுப் பெயரில் இரண்டு பேராவது வாத்தியார்களுக்குப் பிடிக்காத பையன்களாக இருப்பார்கள். அவர்கள் கட்டாயம் வேண்டும்.

ஆனால் பிரச்சினை செய்கிறவர்களை மட்டும் பொறுக்கி ஒரு அறையில் உட்கார வைத்து ‘ஸ்பெஷல் கவுன்சலிங்’ கொடுக்காதீர்கள். வினை அதில்தான் இருக்கிறது. ஒருத்தன் சாகசத்துக்கு இன்னொருத்தன் சிரிப்பான், வெளியே வரும்போது ஒரு கேங் ஆகி வருவான்.

#9 தரவுப்பித்தன்

வாத்தியார் சொன்ன கடைசி விஷயம் 1999-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியது. பிரச்சினைக்குரிய சிறுவர்களைக் குழுவாகச் சேர்த்து நடத்திய சில திட்டங்கள் அவர்களை இன்னும் மோசமாக்கின.

இன்னொன்று, வகுப்பறைப் பாடத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். நியூயார்க் நகரில் 30 நடுநிலைப் பள்ளிகளில் ‘ஷிஃப்டிங் பவுண்டரிஸ்’ திட்டத்தைச் சோதித்தபோது, பாடம் மட்டும் எடுத்த பள்ளிகளில் பெரிய பலன் தெரியவில்லை. பள்ளிக் கட்டடத்தில் எந்த இடம் பாதுகாப்பில்லை என்று மாணவர்களே வரைபடத்தில் குறித்து, அங்கே ஆசிரியர்கள் நின்ற பள்ளிகளில் வன்முறை குறைந்தது.

#10 நீலவேணி_ஆலோசகர்

அந்த வரைபடத்தை நம் பள்ளியில் போடுவது சுலபம், ஒரு பீரியட் போதும். பள்ளியின் தரைப்படத்தை வரைந்து ஏ3 தாளில் நகல் எடுங்கள். கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப் வரை படத்தில் இருக்க வேண்டும். ஓட்டுவதில் பாதி அங்கேதான் நடக்கிறது. ஐந்து பேருக்கு ஒரு தாள். பெண்கள் தனிக் குழு, பையன்கள் தனிக் குழு. பயம் தரும் இடத்துக்குச் சிவப்பு, பயமில்லாத இடத்துக்குப் பச்சை, நேரத்தையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘மாடிப்படித் திருப்பம், 12.40’ என்று எழுதினால்தான் அங்கே ஆள் நிற்க முடியும். வெறும் ‘மாடிப்படி’ உதவாது.

பெண்கள் தாளில் சிவப்பாக இருக்கும் தண்ணீர்க் குழாய் பையன்கள் தாளில் பச்சையாக இருக்கும். இரண்டையும் ஒட்டி வைத்துக் காட்டினால் அரை மணி நேரச் சொற்பொழிவு மிச்சம்.

கெடுவது எப்படி? வகுப்பாசிரியர் பக்கத்தில் நின்றால் படம் முழுக்கப் பச்சையாக வரும். சில பள்ளிகளில் சிவப்பு வட்டம் ஸ்டாஃப் ரூம் பக்கமோ லேப் பக்கமோ விழும். அப்போது அது மாணவர்கள் ஓட்டும் விஷயம் இல்லை, வேறு விஷயம். அந்தத் தாளை மடித்து வைத்துவிடக் கூடாது.

#11 சிறார்_வழக்கறிஞர்

இந்த இடத்தில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நல்ல எண்ணத்தில் இறங்கும் ஆசிரியர் மாட்டிக்கொள்வார்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயதுக்குக் கீழ் உள்ள எவரும். 17 வயதுப் பெண் சம்மதித்தார் என்பது சட்டத்தின் முன் சம்மதமே இல்லை. பிரிவு 19-ன்படி குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பிரிவு 21-ன்படி ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை. அதனால் ‘நீ சொல்றத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். முதல் பீரியடிலேயே இப்படிச் சொல்லிவிடுங்கள்: "பொதுவாப் பேசலாம், பேர் வேண்டாம். உடம்பு சம்பந்தமா ஒருத்தருக்கு நடந்ததச் சொன்னா, நான் சட்டப்படி தெரியப்படுத்தணும். அப்பவும் உன்ன விட்டுட்டுப் போக மாட்டேன்."

இருவரும் விரும்பிப் பழகிய வளரிளம் பருவத்தினரைப் பற்றி, அவர்களை இந்தச் சட்டத்துக்குள் இழுப்பது சட்டத்தின் நோக்கமே இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் விஜயலட்சுமி வழக்கில் சொன்னது. இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று தமிழ்நாடு டி.ஜி.பி. 2022 டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் சட்டத்தின் வயது வரம்பு மாறவில்லை. இதைப் பிள்ளைகளிடம் ‘ஒண்ணும் ஆகாது’ என்று சுருக்கிச் சொல்லாதீர்கள்.

இப்போது கூட்டாளிகளுக்கு. ‘நான் சும்மா கூடத்தான் போனேன்’ என்பது இவர்கள் எல்லோரும் சொல்லும் வாக்கியம். போக்சோவில் உடந்தைக்குத் தனிப் பிரிவே உண்டு: குற்றம் நடந்திருந்தால் தூண்டியவனுக்கும் உதவியவனுக்கும் அதே தண்டனை (பிரிவு 17). ரூம் சாவி கொடுத்தவன், வெளியே காவல் நின்றவன் எல்லாம் இதில் வரலாம். ஒரு பெண் குழந்தையைப் பாலியல் நோக்கத்தோடு திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் நேரிலோ போனிலோ தொடர்புகொள்வதும் பிரிவு 11, 12-ல் வரும், மூன்று வருடம் வரை. பெண் 18 தாண்டியவர் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) பிரிவு 78: முதல் முறை மூன்று வருடம் வரை, மறுபடி செய்தால் ஐந்து வரை.

பையன் 18-க்குக் கீழ் என்றால் சிறார் நீதிக் குழுமம் விசாரிக்கும். ஆனால் 16 முடிந்தவன் கொடுங்குற்றத்தில் சிக்கினால், பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று 2015 சட்டப்படி குழுமம் பரிசீலிக்கும். ‘மைனர்னா ஒண்ணும் செய்ய முடியாது’ என்று நண்பர்கள் கொடுக்கும் தைரியம் பாதிப் பொய்.

#12 கண்டிப்பு_தேவை

அப்படியானால் இதைச் சொல்லிப் பயமுறுத்தினாலே போதுமே?

#13 சிறார்_வழக்கறிஞர்

தமிழ்நாட்டில் ஈவ்-டீசிங்குக்கு எதிராக 1998-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சென்னையில் ஆட்டோவில் வந்த இளைஞர் கும்பலின் கேலியில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி விழுந்து அடிபட்டு இறந்தபோது கொண்டுவந்தார்கள். அதுவும் ஒரு கூட்டத்தின் ‘ஜாலி’தான் என்பதைக் கவனியுங்கள். சட்டம் வந்து 18 வருடம் கழித்து 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு இளம்பெண் கொலை, 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு மாணவி கொலை. பயம் வேலை செய்வது நிதானமாக இருப்பவனிடம். சுற்றி நாலு பேர் ஏற்றிவிடும் நேரத்தில் பிரிவு எண் ஞாபகம் வராது. சட்டத்தைப் பையனை விட அவன் நண்பனுக்குச் சொல்லுங்கள், அவனுக்குத்தான் யோசிக்க நேரம் இருக்கிறது.

#14 சைபர்_செல்வம்

அந்தரங்கப் போட்டோ விஷயம் யாரும் சொல்லவில்லை. பிரிந்த பிறகு மிரட்ட வைத்திருப்பது அதைத்தான், பரப்புவது நண்பர்கள் குரூப்தான். "காட்டுடா, நாங்க பாத்துட்டு டெலிட் பண்ணிடுறோம்" என்பதில் தொடங்கும்.

பெண் 18-க்குக் கீழ் என்றால் அந்தப் படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி, போக்சோ 15 இரண்டிலும் வரும். சென்னை இளைஞர் ஒருவர் வழக்கில், போனில் வைத்திருந்தது மட்டும் குற்றமாகாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 அன்று ரத்து செய்தது. குரூப்பில் வந்ததை ‘நான் பார்க்க மட்டும்தான் செய்தேன்’ என்று வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிரட்டல் வந்தால் செய்ய வேண்டியது. பணமோ அடுத்த படமோ கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கேட்பது கூடும். மிரட்டல் மெசேஜ், நம்பர், ஐடி, தேதி, நேரம், குரூப் பெயர், அட்மின் நம்பர் இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். படத்தையே ‘ஆதாரம்’ என்று டீச்சருக்கோ சித்தப்பாவுக்கோ அனுப்பக் கூடாது. பள்ளிகளில் அதிகம் நடக்கும் தப்பு இதுதான்: விசாரிக்கிறேன் என்று ஹெச்.எம். முதல் கிளார்க் வரை ஆறு போனுக்குப் படம் போயிருக்கும். பிளாக் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட், அதற்குப் பிறகு பிளாக். அக்கவுன்ட்டை அழிக்காதீர்கள், ஆதாரமும் போய்விடும்.

‘டேக் இட் டவுன்’ என்று ஒரு இலவசச் சேவை, 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கானது. படம் போனை விட்டு வெளியே போகாது, படத்தின் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவை அந்தப் படத்தைத் தடுக்கும். பெயர் கொடுக்க வேண்டாம். ஆனால் வாட்ஸ்அப்புக்குள் ஒருவருக்கொருவர் அனுப்புவதை இது பிடிக்காது. அதற்கு சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். 1930-ஐயும் கூப்பிடலாம்.

ஒரு கும்பல் பெண்களைப் பாலியல் வன்முறை செய்து வீடியோ எடுத்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கையும் இந்தக் கோணத்தில் பிள்ளைகளிடம் பேசலாம். 2019-ல் வெளியே வந்தது, 2025 மே 13-ல் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை. ஒன்பது பேர். ஒருத்தன் கூடவா மற்றவர்களைத் தடுக்கவில்லை என்ற கேள்வியை வகுப்பில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள்.

#15 பொருநைக்கரை

ஒரு விஷயத்தை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். தென் மாவட்டங்களில் ‘ஓட்டுவது’ எல்லோரையும் எல்லோரோடும் நடப்பதில்லை. யாரை யாரோடு சேர்த்து ஓட்டலாம் என்பதைக் கையில் கட்டும் சாதிக் கயிற்றின் நிறம் தீர்மானிக்கிறது. "நம்ம பொண்ணுகிட்ட அவன் என்னடா பேசுறான்" என்று கிளம்புவது நண்பர் கூட்டம்தான், வீட்டுக்குத் தகவல் கொண்டுபோவதும் அதே கூட்டம். இங்கே கூட்டாளி தூதுவன் இல்லை, ஒற்றன். அடி விழுவது பையனுக்கு, படிப்பு நிற்பது பெண்ணுக்கு.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே சாதி வெறியில் வெட்டியதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாம் கூடாது என்று பரிந்துரைத்தது. கயிற்றைக் கழற்றினால் செல்போன் ஸ்டேட்டஸில் வரும், அது வேறு கதை. ஆனால் உங்கள் பயிற்சிக்கு இதில் பாடம் இருக்கிறது. ஐந்து பேர் குழுவை அவர்களாகப் பிரிந்துகொள்ள விடாதீர்கள். விட்டால் தெரு வாரியாகத்தான் உட்காருவார்கள். 1, 2, 3 என்று எண்ணிப் பிரியுங்கள். உங்கள் ஏழெட்டுப் ‘பேச்சு எடுபடும்’ பையன்கள் எல்லோரும் ஒரே பக்கத்து ஆட்களாக இருந்தால் திட்டம் முதல் வாரத்திலேயே முடிந்தது. பெண்ணுக்குப் பிரச்சினை என்றால் ‘பெற்றோரைக் கூப்பிடுகிறேன்’ என்று டீச்சர் உடனே கிளம்புவதும் ஆபத்து. வேறு சாதிப் பையன் என்றால் அந்த ஒரு போன் அவள் உயிருக்கே வினையாகலாம். முதலில் அவளிடம் கேளுங்கள்: "வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" பயமாக இருக்கிறது என்றால் 1098 வழியாகக் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போங்கள்.

#16 ரெண்டு_பிள்ளை_அம்மா

எல்லாம் படித்தேன். பொண்ணுங்க பக்கம் ஒரு கேள்வி. ஒருத்தி மாட்டிக்கிட்டு இருக்கா, அவன் போன் செக் பண்றான், யார்கூடவும் பேச விடல. அவ தோழி என்ன செய்யணும்? ‘பிரேக்கப் பண்ணுடி’ன்னு சொன்னா தோழியத்தான் விட்டுட்டுப் போறா.

#17 நீலவேணி_ஆலோசகர்

சரியாகப் பிடித்தீர்கள்மா. அதைச் சொன்னதும் அவள் அவனுக்காக வாதாட வேண்டியதாகிறது. வாதாட வாதாட அவளே அதை நம்பிவிடுவாள். அதோடு ‘உன் ஃப்ரெண்டு நம்மளப் பிரிக்கப் பாக்குறா’ என்று சொல்ல அவனுக்கும் வாய்ப்பாகிறது.

தோழி சொல்ல வேண்டியது பார்த்ததை மட்டும்: "நேத்து அவன் போன் வந்ததும் உன் கை நடுங்குச்சு. நான் பாத்தேன்." தீர்ப்பு வேண்டாம். பிறகு ஒரு வாசலைத் திறந்து வைக்க வேண்டும்: "எப்ப வேணா வா, ஏன்னு கேக்க மாட்டேன்." அவன் பார்க்கும் போனில் இதை எழுதக் கூடாது, நேரில்தான். இரண்டு பேருக்குள் ஒரு சாதாரண வாக்கியம் வைத்துக்கொள்ளலாம், ‘கெமிஸ்ட்ரி நோட்டு வேணும்’ என்று மெசேஜ் வந்தால் பெரியவரோடு வா என்று அர்த்தம். அடி, மிரட்டல், படம், இந்த மூன்றில் ஒன்று வந்துவிட்டால் தோழி இரகசியம் காக்க வேண்டியதில்லை. ஒரு பெரியவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பிரியும் நேரம்தான் அதிக ஆபத்து. "கடைசியா ஒரு தடவ நேர்ல பாத்துப் பேசணும்" என்று வரும். அந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்வது இரு பக்க நண்பர்களும். ஏதோ நல்லது செய்வதாக நினைத்து, ஆள் இல்லாத இடத்தையும் அவர்களே தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்கள். வகுப்பில் ஒன்றே ஒன்று மனசில் பதிய வேண்டுமானால் இது: கடைசிச் சந்திப்பு வேண்டாம். போனில் ஒருமுறை சொன்னால் போதும், கொடுத்த பொருளைத் திருப்பித் தரத் தோழி போகக் கூடாது, பெரியவர் வழியாகப் போகட்டும். ஒரு வாரம் வழி, நேரம் மாற்றி, துணையோடு போய்வர வேண்டும்.

"நீ போயிட்டா கைய அறுத்துக்குவேன்" என்றால்? அதை நடிப்பு என்று விடக் கூடாது, அவள் ஓடிப்போய்ப் பார்க்கவும் கூடாது. அவன் வீட்டுக்கோ நண்பனுக்கோ உடனே தகவல், மனநல உதவிக்கு 14416-ம் 104-ம் இருக்கின்றன. காப்பாற்றும் பொறுப்பை ஒரு பதினைந்து வயதுப் பெண் தலையில் கட்டக் கூடாது.

#18 பிடி_வாத்தியார்

அவன் பக்க நண்பனுக்கும் அதே வாரம் வேலை இருக்கு மேடம். முதல் மூன்று நாள் தனியா விடாதே. அவன் போனிலிருந்து நம்பரை நீயே அழி. குடிக்கக் கூட்டிட்டுப் போகாதே. "வேற எவனோ இருக்கான்டா அவளுக்கு" என்று ஆறுதல் சொல்லாதே, அதுதான் பெட்ரோல். பஸ் ஸ்டாப்புக்கு அவன் கிளம்பினால் அவன் சைக்கிள் சாவி உன் பாக்கெட்டில் இருக்கணும்.

#19 வகுப்பறை_வாசல்

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு இப்படிப் பிரித்திருக்கிறேன். முதல் பீரியட்: இரகசிய எல்லையைச் சொல்வது, இரண்டு கேள்விச் சீட்டு. இரண்டு: எண்ணிக்கைக் கோடு, வருகைப் பதிவு இருமல் பற்றிப் பேச்சு. மூன்று: வரைபடம். நான்கு: திருப்பிச் சொல்லும் வாக்கியங்கள், எண்ணிப் பிரித்த குழுக்களில். ஐந்து: போட்டோ, கூட்டாளிக்கான சட்டம். ஆறு: பிரியும் வாரம். மைதானப் பேச்சு தனியாக 12 வாரம், பி.டி. சார் ஒத்துக்கொண்டால். கேள்விகள் போட ‘மாணவர் மனசு’ பெட்டி ஏற்கெனவே ஹெச்.எம். அறை வாசலில் இருக்கிறது, அதையே பயன்படுத்துகிறேன்.

#20 நீலவேணி_ஆலோசகர்

வாசலில் இருந்தால் யார் போட்டார்கள் என்று வராண்டா முழுக்கத் தெரியும் சார். பெட்டி அங்கேயே இருக்கட்டும், இந்த ஆறு வாரத்துக்கு மட்டும் ஒவ்வொரு பீரியட் முடிவிலும் 45 பேருக்கும் ஒரு வெற்றுச் சீட்டு கொடுங்கள். கேள்வி இல்லாதவர் ‘இல்லை’ என்று எழுதி மடித்துப் போடட்டும். எல்லோரும் போட்டால் யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள். சீட்டை வகுப்புத் தலைவனை வைத்துச் சேகரிக்காதீர்கள், நீங்களே பையை நீட்டுங்கள்.

#21 வகுப்பறை_வாசல்

சரி. பெட்டிச் சாவி?

#22 நீலவேணி_ஆலோசகர்

ஹெச்.எம். ஒருத்தரிடம் மட்டும் வேண்டாம். இரண்டு பூட்டு, இரண்டு சாவி, ஒன்று ஒரு ஆசிரியையிடம். இருவரும் சேர்ந்து திறந்து, வந்த சீட்டின் எண்ணிக்கையைத் தேதியோடு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.